சுங்கை சிப்புட்ல இருந்து துறையூர் எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்? நீங்களே கணக்கு போடுற வழி

நம்ம மலேசியால பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் யாரு தமிழ்நாட்டுல இருக்கிற சொந்த ஊருக்கு கெளம்புனாலும் மொத கேள்வி இதான், "எவ்ளோ நேரம் ஆவும்?" பதிலும் ரெடியா இருக்கும், "நாலு மணி நேரம்". அது பொய் இல்ல, ஆனா அந்த நாலு மணி நேரம் கேஎல்ஐஏல, அதாவது கோலாலம்பூர் ஏர்போர்ட்ல, ஃபிளைட்டு நகர ஆரம்பிச்சதுல இருந்து திருச்சில போயி நிக்கிற வரைக்கும் மட்டும்தான். எல்பில் எஸ்டேட்ல உங்க வீட்டு கதவ பூட்டிட்டு கெளம்புறதுல இருந்து திருச்சி பக்கத்துல துறையூர்ல சின்னம்மா வீட்டு திண்ணைல உக்கார்ற வரைக்கும் பாத்தா 14 மணி நேரம் பக்கம் வரும். டிக்கெட்ல போட்டிருக்கிற டைம பாத்தா இன்னும் கொழப்பம், காலைல 8:40க்கு கெளம்பி 10:10க்கு சேருதுன்னு போட்டிருக்கும், உடனே அத்தை "ஒன்றரை மணி நேரத்துல போயிருமா, கேமரன் மலை போறத விட சீக்கிரமா இருக்கே"ன்னு கேப்பாங்க.

ஆக மூணு கணக்கு இருக்கு. ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் தூரம், ஃபிளைட்டு பறக்குற நேரம், வீட்ல இருந்து வீடு வரைக்கும் ஆகுற மொத்த நேரம். மூணையும் ஏஜெண்ட் கிட்ட கேக்காம நீங்களே போட்டுக்கலாம், ஒரு போனும் எஸ்பிஎம் பரீட்சைக்கு பள்ளிக்கூடத்துல படிச்ச கணக்கும் போதும். சுங்கை சிப்புட் டு துறையூர் வெச்சி சொல்றேன், உங்க ஊரு லூனாஸோ பாகான் செராயோ, அங்க நாமக்கல்லோ தஞ்சாவூரோ, வழி ஒண்ணுதான்.

தூரத்துல இருந்து ஆரம்பிப்போம். கூகள் மேப்ல "சுங்கை சிப்புட் டு திருச்சி"ன்னு அடிச்சா அது கார்ல போற வழிய தேடும், நடுவுல வங்கக்கடல், அதுக்கு ஒண்ணும் புரியாது. அப்படி தேடாதீங்க. மேப்ல கெளம்புற எடத்துல வெரல வெச்சி அழுத்தி புடிங்க, செவப்பு பின் விழும், கீழ வர்ற பெட்டிய மேல தள்ளுனா "மெஷர் டிஸ்டன்ஸ்"னு ஒண்ணு இருக்கும், அத தட்டிட்டு மேப்ப நகத்தி அடுத்த எடத்துக்கு கொண்டு போங்க, கீழ கிலோமீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். கம்ப்யூட்டர்ல பாக்குறவங்க ரைட் கிளிக் பண்ணா அதே வரும். அது காட்டுற தூரம் உருண்டையான பூமி மேல ரெண்டு எடத்துக்கும் நடுவுல இருக்கிற ஆக குட்டையான தூரம்.

இப்படி அளந்தா சுங்கை சிப்புட் டவுன்ல இருந்து திருச்சிக்கு 2,550 கிலோமீட்டர் பக்கம் காட்டும். அந்த நம்பர வெச்சி ஒண்ணும் பண்ண முடியாது, நம்ம பாசார் (மார்க்கெட்) முன்னாடி இருந்து எந்த விமானமும் ஏறல. பக்கத்துல ஈப்போ ஏர்போர்ட் இருக்கு, ஆனா அங்க இருந்து தமிழ்நாட்டுக்கு நேரா ஃபிளைட்டு கெடையாது. அதனால அளக்கும்போது ஊருக்கு ஊரு அளக்காதீங்க, ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் அளங்க. அந்த செவப்பு பின்ன கேஎல் சிட்டில குத்தாம, கேஎல்ஐஏ இருக்கிற சிப்பாங்ல குத்தணும். கேஎல்ஐஏல இருந்து திருச்சி சுமார் 2,690 கிலோமீட்டர், சென்னை சுமார் 2,630. இங்க நெறைய பேரு சென்னை ரொம்ப கிட்டன்னு நெனச்சிக்கிட்டு சென்னைக்கு டிக்கெட் போடுறாங்க, வித்தியாசம் பாத்தீங்கனா வெறும் 60 கிலோமீட்டர், ஃபிளைட்டுக்கு அது அஞ்சு நிமிஷ வேல, ஆனா எறங்குன பொறவு சென்னைல இருந்து துறையூருக்கு ரோட்ல அஞ்சு ஆறு மணி நேரம் ஓடணும். திருச்சி டிக்கெட் கொஞ்சம் கூட இருந்தாலும், கார் வாடகையும் முதுகு வலியும் சேத்து பாத்தா எந்த பக்கம் லாபம்னு தெரியும்.

நெட் இல்லாமலே தூரம் போட ஒரு வழி இருக்கு, வீட்ல படிக்கிற புள்ளைங்க இருந்தா அவங்கள விட்டு போட சொல்லுங்க. ரெண்டு ஏர்போர்ட்டோட அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்துக்குங்க. கேஎல்ஐஏ வடக்கு 2.75 டிகிரி, கிழக்கு 101.7. திருச்சி வடக்கு 10.77, கிழக்கு 78.7. வடக்கு தெக்கு வித்தியாசம் 8 டிகிரி, கிழக்கு மேற்கு வித்தியாசம் 23 டிகிரி. இப்ப பைதாகரஸ்தான், 8ஐ 8ஆல பெருக்குனா 64, 23ஐ 23ஆல பெருக்குனா 529, கூட்டுனா 593, அதோட வர்க்கமூலம் 24.35. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர், பெருக்குங்க, 2,703 வரும். மேப் சொன்னது 2,690, எஸ்டேட் திண்ணைல உக்காந்து பென்சில்ல போட்ட கணக்குக்கு இது போதாதா.

ஆனா இது பூமத்திய ரேகை பக்கத்துல இருக்கிற ஊருங்களுக்கு மட்டும்தான் சரிப்படும். நம்ம நாடும் தமிழ்நாடும் ரேகைக்கு கிட்ட இருக்கிறதால பூமியோட வளைவு பெருசா தொந்தரவு பண்ணல. இதே கணக்க லண்டனுக்கு போட்டு பாருங்க, 12,500 கிலோமீட்டருக்கு மேல வரும், உண்மையான தூரம் சுமார் 10,600 தான். வடக்க போக போக தீர்க்கரேகைங்க ஒண்ணுக்கொண்ணு நெருங்கிரும், அங்க ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் கெடைக்காது, லண்டன் பக்கம் 70க்கும் கீழ. மகனோ மகளோ லண்டன்ல படிக்கிறாங்கனா ஒரு குளோப் வாங்கி கேஎல்ல ஒரு வெரலும் லண்டன்ல ஒரு வெரலும் வெச்சி நூல இழுத்து புடிங்க, செவுத்துல தொங்குற மேப்ல நீங்க நெனச்ச கோடு வேற, நூல் போற வழி வேற, நல்லா வடக்க ஏறிதான் போவும். பழைய பாரம் ஃபைவ் கணக்குல பூமி ஒரு கோளம்னு ஒரு பாடம் இருந்திச்சி, அத படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல். பைலட்டுங்க இன்னைக்கும் அந்த கடல் மைல்லதான் கணக்கு பாக்குறாங்க, ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். திருச்சி நமக்கு 1,450 கடல் மைல்.

தூரம் கெடைச்சா நேரம் சுலபம். நான் எல்லாருக்கும் சொல்ற கணக்கு இதான், தூரத்த 800ஆல வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்க. 2,690 வகுத்தல் 800, மூணு மணி 22 நிமிஷம் வருது, அரை மணி சேத்தா 3 மணி 52 நிமிஷம். டிக்கெட்ல நாலு மணி நேரம்னு இருக்கும், சரியா போச்சா. ஏன் 800னு கேட்டா, இந்த ரூட்ல ஓடுற ஏர்பஸ் ஏ320, போயிங் 737 மாதிரி விமானங்க மேல ஏறி சீரா ஓடும்போது மணிக்கு 830, 840 போவும், ஆனா வழி நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்காது, கன்ட்ரோல் டவர் சொல்ற பாதைல கொஞ்சம் வளைஞ்சிதான் போவணும், அதுக்காக கொறச்சி வெச்சது. அந்த அரை மணி நேரம் எதுக்குனா, கேட்ல இருந்து பின்னால தள்ளி, ரன்வே வரைக்கும் ஊர்ந்து, வரிசைல நின்னு, மெதுவா ஏறி, அங்க போயி மெதுவா எறங்கி, மறுபடி ஊர்ந்து கேட்ல நிக்கிறதுக்கு. ஏர்லைன்ஸ் போடுற நேரம் இது எல்லாம் சேந்த நேரம்தான், வானத்துல இருக்கிற நேரம் மட்டும் இல்ல. அதனாலதான் சில நேரம் அரை மணி லேட்டா கெளம்பியும் போயி சேர்றப்போ பத்து நிமிஷம்தான் லேட்டுன்னு சொல்லுவாங்க, போடும்போதே கொஞ்சம் தாராளமா போட்டு வெச்சிருப்பாங்க.

இந்த கணக்கு சரியா வருதான்னு வேற எடத்துல வெச்சி பாத்துக்கலாம். நம்ம பக்கத்து புள்ளைங்க நெறைய பேரு டீச்சர் வேல கெடைச்சி சபாவுக்கு போறாங்க. கேஎல்ஐஏல இருந்து கோத்தா கினபாலு சுமார் 1,630 கிலோமீட்டர், 800ஆல வகுத்து அரை மணி கூட்டுனா 2 மணி 32 நிமிஷம். டிக்கெட்ல ரெண்டரை மணிக்கு கொஞ்சம் மேல போட்டிருக்கும். அங்கயும் இங்கயும் ஒரே மணிதான், கொழப்பமே இல்ல.

கிட்ட கிட்ட ஊருக்கு மட்டும் இந்த கணக்கு கொறச்சி காட்டும், ஈப்போல இருந்து சிங்கப்பூர் 480 கிலோமீட்டர், கணக்குப்படி ஒரு மணி சொச்சம், ஆனா டிக்கெட்ல ஒன்றரை மணி நேரம் பக்கம் இருக்கும், ஏன்னா ஏறி முடிக்கிறதுக்குள்ள எறங்க ஆரம்பிச்சிருவாங்க, முழு வேகத்துல ஓட எடமே கெடைக்காது. ஆயிரம் கிலோமீட்டருக்கு கீழ இருந்தா அரை மணிக்கு பதிலா முக்கா மணி கூட்டிக்குங்க. கேஎல் பக்கத்துல இருக்கிற சுபாங் ஏர்போர்ட்ல இருந்து ஓடுற காத்தாடி வெச்ச ஏடிஆர் விமானம்னா 800க்கு பதிலா 500 போடுங்க. லண்டன் மாதிரி ரொம்ப தூரத்துக்கு பெரிய விமானம், 900 வரைக்கும் ஓடும், ஆனா சண்ட நடக்குற நாட்டு வான்வெளிய சுத்தி போவ வேண்டியிருக்கிறதால கடைசில 14 மணி நேரம் பக்கம் ஆயிருது. வர்றப்போ ஒரு மணி நேரம் போல கம்மி, ஏன்னா அந்த உயரத்துல மேற்கால இருந்து கெழக்க ஓடுற காத்து பின்னால இருந்து தள்ளி விடும். திருச்சி ரூட்ல அந்த அளவுக்கு வித்தியாசம் இல்ல, பத்து இருவது நிமிஷம் முன்ன பின்ன இருக்கும். தென்னிந்தியா மேல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் உயரத்துல காத்து கெழக்க இருந்து மேற்கால அடிக்கும், அப்போ இங்க இருந்து போறவங்களுக்கு தொணை, திரும்பி வர்றவங்களுக்கு எதிர்.

இப்ப அத்தை கேட்ட ஒன்றரை மணி நேரத்துக்கு வருவோம், அதிகமா ஆளுங்க தடுமாறுற எடம் இதுதான், மெதுவா படிங்க. டிக்கெட்ல கெளம்புற நேரம் கெளம்புற ஊரு மணி, சேர்ற நேரம் சேர்ற ஊரு மணி. எல்லா ஏர்லைன்சும் இப்படிதான் போடுவாங்க. இந்தியா நம்மள விட ரெண்டரை மணி நேரம் பின்னால. அதனால இந்தியா மணிய பாத்தவுடனே ரெண்டரை கூட்டி நம்ம மணியா மாத்திருங்க, ரெண்டுமே நம்ம மணி ஆன பொறவுதான் கழிக்கணும். 10:10 இந்தியா, ரெண்டரை கூட்டுனா 12:40 நம்ம மணி, அதுல 8:40 போனா நாலு மணி நேரம். முடிஞ்சி போச்சி.

திரும்பி வர்ற டிக்கெட் இதுக்கு நேர் எதிரா பயமுறுத்தும். ஒரு உதாரணத்துக்கு திருச்சில ராத்திரி 11:15க்கு எடுத்து கேஎல்ஐஏல காலைல 5:50க்கு சேருதுன்னு வெச்சிக்குவோம், பாத்தா ஆறரை மணி நேரம் மாதிரி தெரியும், "போறப்ப ஒன்றரை, வர்றப்ப ஆறரையா, சுத்தி வருதா"ன்னு கேட்டவங்க இருக்காங்க. 11:15க்கு ரெண்டரை கூட்டுங்க, விடியக்காலம் 1:45 நம்ம மணி, அங்க இருந்து 5:50 வரைக்கும் 4 மணி 5 நிமிஷம். அதே ரோடு அதே தூரம்தான். சேர்ற நேரத்துக்கு பக்கத்துல கூட்டல் ஒண்ணுன்னு சின்னதா போட்டிருந்தா மறுநாள்னு அர்த்தம், அத கவனிங்க.

பெரியவங்க சில பேரு இன்னும் ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்னு அடிச்சி சொல்லுவாங்க, சண்டைக்கு போகாதீங்க, ஒரு காலத்துல அது சரி. 1982 ஜனவரி 1க்கு முன்னாடி தீபகற்பத்துல கடிகாரம் இப்போ இருக்கிறத விட அரை மணி பின்னால இருந்திச்சி, சபா சரவாக்கோட ஒண்ணா இருக்கட்டும்னு அன்னைக்குதான் அரை மணி முன்னால தள்ளி வெச்சாங்க. அதுல இருந்து இந்தியாவோட ரெண்டரை. வருஷம் பூரா அதே ரெண்டரைதான், நமக்கும் இந்தியாவுக்கும் வெயில் காலத்துக்கு ஒரு மணி குளிர் காலத்துக்கு ஒரு மணின்னு மாத்துற பழக்கம் இல்ல. லண்டனுக்கு உண்டு, அவங்க குளிர் காலத்துல நம்மள விட எட்டு மணி பின்னால, வெயில் காலத்துல ஏழு. இலங்கை மணியும் இந்தியா மணியும் ஒண்ணு. சிங்கப்பூர் நம்ம மணிதான்.

இன்னொரு பொறி நடுராத்திரி டிக்கெட். 15ஆம் தேதி 00:30ன்னு போட்டிருந்தா, அது 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டு முடிச்சி ஏர்போர்ட்ல உக்காந்திருக்க வேண்டிய ஃபிளைட்டு. 15ஆம் தேதி ராத்திரி பொட்டி படுக்கையோட போயி நின்னா விமானம் போயி ஒரு நாள் ஆயிருக்கும். பன்னண்டு மணிக்கு மேல மூணு மணி வரைக்கும் எந்த டிக்கெட் இருந்தாலும் காலண்டர்ல முந்துன நாள்ல வட்டம் போடுங்க, டிக்கெட் தேதில போடாதீங்க. வீட்ல காலண்டர பாத்து நடக்குற ஆளுங்களுக்கு இது ரொம்ப முக்கியம்லா.

சரி, இப்ப மொத்த நேரம். இத முன்னால இருந்து பின்னால போடாதீங்க, ஃபிளைட்டு நேரத்த நடுவுல வெச்சி பின்னோக்கி எண்ணுங்க. 8:40 ஃபிளைட்டு. செக்-இன் கவுண்டர் ஒரு மணி நேரம் முன்னாடி மூடிருவாங்க, அதுக்கு அப்பறம் அழுதாலும் தொறக்க மாட்டாங்க. வயசானவங்க, லக்கேஜ், வீல்சேர் இருந்தா மூணு மணி நேரம் முன்னாடி, 5:40க்கு உள்ள இருக்கணும். சுங்கை சிப்புட்ல இருந்து கேஎல்ஐஏ 290 கிலோமீட்டர் பக்கம். ஹைவேல 110 ஓட்டலாம்னு போர்டு இருக்கு, ஆனா கணக்குக்கு 80ஆல வகுங்க, டோல், மழ, லாரி, பாத்ரூம் எல்லாம் அதுல அடங்கிரும். 3 மணி 40 நிமிஷம் வருது, ஹைவே ஓரத்துல வண்டி நிறுத்துற ஆர் என் ஆர்ல ஒரு டீ குடிக்க இருவது நிமிஷம், ஆக நாலு மணி. வீட்ல இருந்து 1:40க்கு வண்டி நகரணும். எஸ்டேட்ல விடியக்காலம் பேரு குடுக்குற பெரட்டுக்கு எந்திரிச்சி பழகுன ஆளுங்களுக்கு இது பெருசு இல்ல, புள்ளைங்கதான் மொணகும்.

கேஎல் சிட்டிக்குள்ள போக வேணாம், ஈப்போ தாண்டி நேரா எறங்கி என்கேவிஇ புடிச்சி ஈலைட் ஹைவேல போனா சிப்பாங் போயி சேரும். விடியக்காலம்னா ரோடு காலி. வெள்ளிக்கிழம சாயங்காலமோ, ஹரி ராயா, சீனப் பெருநாள், தீபாவளி லீவு நாளோ இருந்தா 80ஆல வகுக்குற கணக்கு செல்லாது, தஞ்சோங் மாலிம்ல இருந்து ரவாங் வரைக்கும் ஜாம் நின்னு போச்சினா தலைல கைய வெச்சிக்கிட்டு உக்கார வேண்டியதுதான், அந்த நாள்ல ரெண்டு மணி நேரம் கூட வெச்சி கெளம்புங்க.

டெர்மினல் எதுன்னு கெளம்புறதுக்கு முன்னாடியே பாத்துருங்க. ஏர் ஏசியா டெர்மினல் 2, பாத்திக் ஏர் டெர்மினல் 1. தப்பான டெர்மினல்ல எறங்குனா பயப்பட வேணாம், ரெண்டுக்கும் நடுவுல ட்ரெய்ன் மூணு நிமிஷம்தான், ஆனா ட்ரெய்னுக்கு காத்திருந்து, நாலு பொட்டி ஒரு மீ கோரிங் பொட்டலத்தோட ஏறி எறங்கி, மறுபடி வரிசைக்கு நடக்குறதுக்குள்ள அரை மணி போயிரும்.

அந்த பக்கம் திருச்சில 10:10க்கு எறங்குறீங்க. 2024 ஜூன்ல இருந்து புது டெர்மினல்ல ஓடுது, பழசு மாதிரி நெருக்கடி இல்ல, இருந்தாலும் இமிகிரேஷன், பொட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து ஒன்னேகால் மணி நேரம் வெச்சிக்குங்க. ஏர்போர்ட்ல இருந்து துறையூர் 50, 55 கிலோமீட்டர். அங்க ரோட்டுக்கு 80ஆல வகுக்காதீங்க, 40ஆல வகுங்க, டவுனு, பஸ்ஸு, ஆடு மாடு, நடுவுல எளநீர் கடை எல்லாம் இருக்கு. ஒன்றரை மணி நேரம். ஆக வீடு சேர்றப்போ அங்க மதியம் ஒரு மணி, நம்ம மணிக்கு மூணரை. ராத்திரி 1:40ல இருந்து மதியம் 3:30 வரைக்கும் கிட்டத்தட்ட 14 மணி நேரம், அதுல ஆகாசத்துல இருந்தது நாலுக்கும் கொஞ்சம் கம்மி. ரஜூலா கப்பல்ல வந்த நம்ம பெரியவங்க கடல்லயே ஒரு வாரம் கெடந்தாங்க, அத நெனச்சா இது ஒண்ணும் இல்லதான், ஆனா முட்டி வலியோட இருக்கிற அம்மா கிட்ட போயி இந்த வசனம் பேசாதீங்க.

இப்படி மொத்தமா போட்டு பாத்தாதான் வேற வழிங்களும் கண்ணுக்கு தெரியும். உதாரணத்துக்கு பினாங்கு. 2024 டிசம்பர்ல இண்டிகோ பினாங்குல இருந்து சென்னைக்கு நேரடி ஃபிளைட்டு ஆரம்பிச்சாங்க. தூரம் 2,365 கிலோமீட்டர், நம்ம கணக்குப்படி மூணரை மணி நேரம். நமக்கு பினாங்கு ஏர்போர்ட் இருக்கிற பாயான் லெப்பாஸ் 150, 160 கிலோமீட்டர்தான், ரெண்டாவது பாலம் எறங்குனா ஏர்போர்ட் பக்கத்துலயே, ரெண்டு மணி நேரத்துல போயிரலாம். கேக்க ரொம்ப நல்லாருக்கு. ஆனா துறையூர் போறவங்க கூட்டி பாருங்க, ரோடு 2, ஏர்போர்ட்ல 3, ஃபிளைட்டு 3.5, எறங்கி வெளிய வர 1.25, சென்னைல இருந்து ரோடு 5.5, மொத்தம் 15 மணிக்கு மேல. கேஎல்ஐஏ வழிய விட ஒரு மணி நேரம் கூட. அதே வேலூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை பக்கம் சொந்தம் இருக்கிறவங்களுக்கு பினாங்குதான் ராஜா வழி. ஆக எந்த ஏர்போர்ட் கிட்டங்கிறது இங்க இருக்கிற தூரத்த மட்டும் பாத்து சொல்ற விஷயம் இல்ல.

அதவிட வேடிக்கை ஈப்போ வழி. ஈப்போல இருந்து ஸ்கூட் ஏர்லைன்ஸ்ல சிங்கப்பூர், அங்க இருந்து அதே ஸ்கூட்ல திருச்சி. தூரம் பாத்தா சிரிப்பு வரும், மேற்க போக வேண்டிய ஆளு தெக்க 480 கிலோமீட்டர் எறங்கி, பொறவு அங்க இருந்து 2,980, மொத்தம் 3,460. ஆனா நேரம் போட்டு பாருங்க, வீட்ல இருந்து ஈப்போ ஏர்போர்ட் முக்கா மணி, அங்க ரெண்டு மணி முன்னாடி, ஃபிளைட்டு ஒன்றரை, சிங்கப்பூர் டு திருச்சி நாலேகால், வெளிய வர ஒன்னேகால், துறையூர் ஒன்றரை, பதினொன்னேகால் மணி நேரம்தான் ஆவுது. ஆக சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல காத்திருக்கிறது ரெண்டரை மணி நேரத்துக்குள்ள இருந்தா கேஎல்ஐஏ வழிய அடிச்சிரும், ராத்திரி முழிச்சி காரோட்டுற வேலையும் இல்ல, நடக்க முடியாத பெரியவங்களுக்கு எட்டு மணி நேர கார் பயணம் போக வர மிச்சம். ஆறு ஏழு மணி நேரம் உக்கார வெச்சாங்கனா வேணாம், விட்ருங்க. ஒண்ணு மட்டும், ரெண்டு ஃபிளைட்டையும் ஒரே டிக்கெட்டா போடுங்க, தனித்தனியா வாங்குனா மொத ஃபிளைட்டு லேட்டாச்சினா ரெண்டாவது போயிரும், காசும் போயிரும். டைம்டேபிள அடிக்கடி மாத்துவாங்க, அதனால இந்த நேரமெல்லாம் டிக்கெட் போடுற அன்னைக்கு ஒரு தடவ பாத்துக்குங்க.

ட்ரெய்ன்ல போறவங்களும் இருக்காங்க. இடிஎஸ் ட்ரெய்ன் புடிச்சி கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன், அங்க இருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ், டெர்மினல் 1க்கு 28 நிமிஷம், டெர்மினல் 2க்கு 33. சாயங்காலம் ராத்திரி ஃபிளைட்டுக்கு அருமையான வழி, ஜாம் கெடையாது. காலைல 8:40 ஃபிளைட்டுக்கு உதவாது, மொத ட்ரெய்ன் போயி சேர்றதுக்குள்ள விமானம் கடல் மேல போயிட்டிருக்கும்.

இந்த கணக்கு உண்மைல அவசரமா தேவப்படுறது கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் இல்ல. ஊர்ல இருந்து போன் வரும், "அப்பா போயிட்டாரு, எப்ப வருவே, எத்தன மணிக்கு எடுக்கலாம்?" அந்த நேரத்துல "நாலு மணி நேரத்துல வந்துருவேன்"னு வாய்ல வந்தத சொல்லிட்டா அங்க சாமியானா போட்டு ஊரே காத்துக்கிட்டு இருக்கும், ஐஸ் பொட்டிக்கு மேல ஐஸ் பொட்டி மாத்துவாங்க. அழுகைய ஒரு பக்கம் வெச்சிட்டு, இல்லனா பக்கத்துல நெதானமா இருக்கிற ஒரு ஆள விட்டு, மொதல்ல சீட் கெடைச்ச ஃபிளைட்ட பாருங்க, விசா கையில இருக்கான்னு பாருங்க, அது இல்லாம கவுண்டர்லயே நிறுத்திருவாங்க. சேர்ற நேரம் டிக்கெட்ல இந்தியா மணிலயே இருக்கு, அதோட ஏர்போர்ட் விட்டு வெளிய வர ஒன்னேகால் மணி, ஊருக்கு ரோடு ஒன்றரை மணி, இத கூட்டி அங்க இந்தியா மணிலதான் சொல்லணும். "நாளைக்கு மதியம் ஒரு மணி, உங்க மணிக்கு, வாசல்ல இருப்பேன்". இப்படி ஒரு நேரம் கெடைச்சா அவங்க மூணு மணிக்கு எடுக்க ஏற்பாடு பண்ணுவாங்க. நம்ம மணிய சொல்லி அவங்க அத மாத்தி எண்ணுற வேலய அந்த வீட்ல குடுக்காதீங்க.

கெளம்புற அன்னைக்கு ஃபிளைட்ரேடார்24 மாதிரி ஒரு ஆப்ல உங்க ஃபிளைட்டு நம்பர போட்டு பாருங்க. முந்துன நாளுங்கள்ல அந்த ஃபிளைட்டு எத்தன மணிக்கு உண்மைல கெளம்பி எத்தன மணிக்கு எறங்குனதுன்னு வரிசையா காட்டும், அதுதான் டிக்கெட்ட விட நம்பகமான டைம்டேபிள். உங்கள ஏத்திட்டு போக வேண்டிய விமானம் இப்போ எங்க இருக்குன்னும் தெரியும், அது இன்னும் வேற ஊர்லயே நிக்கிதுனா உங்க ஃபிளைட்டு லேட்டுதான், ஏர்லைன்ஸ் மெசேஜ் அனுப்புறதுக்கு முன்னாடியே உங்களுக்கு தெரிஞ்சிரும். தெரிஞ்சிருச்சேன்னு வீட்லயே உக்காந்துராதீங்க, சில நேரம் வேற விமானத்த மாத்தி விட்டு சரியான நேரத்துக்கே எடுத்துருவாங்க, கவுண்டர் மூடுற நேரம் மாறாது.

திருச்சில உங்கள கூப்பிட வர்ற மச்சானுக்கும் ஃபிளைட்டு நம்பர அனுப்பி வைங்க. எறங்குற நேரத்துக்கு வந்து நிக்க வேணாம், சக்கரம் தரைய தொட்டுச்சின்னு ஆப்ல காட்டுன பொறவு துறையூர்ல இருந்து அவரு கெளம்புனாலும் நீங்க பொட்டிய தள்ளிக்கிட்டு வெளிய வர்றதுக்கும் அவரு வர்றதுக்கும் ஏறக்குறைய சரியா இருக்கும், பார்க்கிங் காசும் மிச்சம். திரும்பி வர்றப்போ இங்க உங்கள கூப்பிட வர்றவரு கதை வேற, 5:50க்கு எறங்குற ஃபிளைட்டுக்கு அவரு சுங்கை சிப்புட்ல ராத்திரி மூணு மணிக்கு கெளம்பணும், வீட்டுக்கு போயி சேர பதினொரு மணி ஆயிரும், அதனால அன்னைக்கு ரெண்டு பேருமே வேலைக்கு லீவு சொல்லிருங்க.